பென்டிரைவில் பதிவு போகாமல் இருக்க: கேள்வி பதில்

கச்சேரி, ஆராதனை, திருவிழா என்று மேடை நிகழ்ச்சிகளை மிக்ஸரிலிருந்து நேராக யூஎஸ்பி-யில் பதிவு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மேடை ஒலியே தொழிலாக இருக்கும் ஒருவர் பதில் சொல்கிறார். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

அண்ணா, எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு பையன் மிக்ஸர் பவரை அணைத்துவிட்டான். அப்போது ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. பென்டிரைவில் ஃபைல் பெயர் இருக்கிறது, அளவு 0 என்று காட்டுகிறது. திரும்பக் கிடைக்குமா? (நாகர்கோவில்)

முதலில் அந்தப் பென்டிரைவைத் தனியாக எடுத்து வையுங்கள் தம்பி. அதன்மேல் வேறு எதையும் எழுதாத வரை பாட்டும் பிரசங்கமும் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும்.

ரெக்கார்ட் அமுக்கியதும் மிக்ஸர் வேவ் ஃபைலின் தலையில் ஒரு சின்ன முகப்பை எழுதும். சாதாரணமாக 44 பைட். எத்தனை சேனல், எத்தனை பிட், ஒலி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீளம் அப்போது தெரியாது அல்லவா? அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒலியை மட்டும் எழுதிக்கொண்டே போகும். நீங்கள் ஸ்டாப் அமுக்கும்போதுதான் திரும்பி வந்து நீளத்தை நிரப்பி, எந்த ஃபைல் எங்கே, எவ்வளவு என்று குறித்து வைக்கும் பென்டிரைவின் அட்டவணையிலும் அளவைப் போட்டு ஃபைலை மூடும். பவர் போனால் இந்தக் கடைசி வேலை நடக்காது. ஒலி இருக்கும், கணக்கு இருக்காது.

கம்ப்யூட்டரில் செருகியதும் விண்டோஸ் "ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சரிசெய்வது அட்டவணையைத்தான், உங்கள் பதிவை அல்ல. யாராவது ஏற்கெனவே ஆமாம் என்று அமுக்கியிருந்தாலும் நம்பிக்கை போய்விடவில்லை. மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டு, ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் சிஹெச்கே என்று முடியும் பெரிய ஃபைல் ஏதாவது இருந்தால் அதுதான் உங்கள் ஆராதனையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, பென்டிரைவ் முழுவதையும் அப்படியே ஓர் இமேஜ் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு லினக்ஸில் டிடி என்ற கட்டளை, விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் என்ற மென்பொருள். மீட்பு வேலை எல்லாம் இந்த நகலில்தான், மூலத்தில் கை வைக்க வேண்டாம். அழிந்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். முகப்பில் நீளம் இல்லாததால் அது சில நேரம் குழம்பும். அப்படியானால் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் இம்போர்ட், ரா டேட்டா என்று போய் அந்த இமேஜையே திறங்கள். 16 பிட், லிட்டில் எண்டியன், 2 சேனல், 48,000 ஹெர்ட்ஸ் என்று கொடுங்கள். பழைய ஃபைல்கள் கிடந்த இடமெல்லாம் கொரகொரவென்று இரைச்சலாக வரும். பதிவு இருக்கும் இடத்தில் அலைவடிவம் பார்த்ததுமே தெரிந்துவிடும். எல்லாமே இரைச்சலாக இருந்தால் தொடக்க இடத்தை ஒரு பைட் தள்ளிப் பாருங்கள். 24 பிட் பதிவென்றால் 16-க்குப் பதில் 24 பிட் என்று கொடுங்கள், இரண்டு பைட் வரை தள்ள வேண்டியிருக்கும். சரியான இடம் விழுந்ததும் இரைச்சல் போய்க் குரல் தெளிவாகிவிடும். வேகம் மாறிக் கேட்டால் 44,100 கொடுத்துப் பாருங்கள்.

ஃபைலின் அளவு சரியாகக் காட்டி, ஓடும் நேரம் மட்டும் 0 என்று வந்தால் இவ்வளவு சிரமம் இல்லை. அந்த ஃபைலையே இதே ரா முறையில் திறந்தால் போதும். ஆரம்பத்தில் ஒரு சின்ன "டப்" கேட்கும், வெட்டிவிடலாம்.

மூன்றரை மணி நேரக் கச்சேரி. மங்களம் வரை ரெக்கார்ட் விளக்கு எரிந்ததாக நினைவு. ஆனால் ஃபைல் 3 மணி 6 நிமிடத்தில் நின்றுவிட்டது. பென்டிரைவில் இடம் ஏராளம். ஏன் சார்? (சென்னை, சபா தன்னார்வலர்)

அந்த 3 மணி 6 நிமிடத்திலேயே விடை இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 1,92,000 பைட். 2 ஜிபி நிரம்ப 3 மணி 6 நிமிடம் ஆகும். ஒரு ஃபைல் 2 ஜிபி தாண்டக் கூடாது என்று வைத்திருக்கும் கருவிகள் நிறைய. பென்டிரைவை ஃபார்மட் செய்யும் ஃபேட்32 வடிவத்தின் சொந்த எல்லை ஒரு ஃபைலுக்கு 4 ஜிபி. நல்ல கருவி எல்லை வந்ததும் தானாக அடுத்த ஃபைலைத் திறக்கும். சில கருவிகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். உங்களுடையது இரண்டாவது ரகம்.

24 பிட்டுக்கு மாறினால் அதே 2 ஜிபி 2 மணி 4 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு மணி நேரம்தான். தரத்தைக் கூட்டிவிட்டோம் என்று சந்தோஷப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

தானாகப் பிரிக்கும் என்று கருவியை நம்புவதைவிட நாமே பிரிப்பது மேல். முக்கிய உருப்படியின் தனி ஆவர்த்தனம் முடிந்து, பல்லவியைத் திரும்ப எடுத்து நிறுத்தி, கைதட்டல் வரும். அங்கே ஸ்டாப், உடனே ரெக்கார்ட். துக்கடாக்கள் அடுத்த ஃபைலில் போகட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பிறகு கரண்ட் போனால்கூட முதல் இரண்டரை மணி நேரம் மூடிய ஃபைலாக பத்திரமாக இருக்கும்.

256 ஜிபி பென்டிரைவ் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பாதிப் பதிவுகள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. (திருச்சி)

போலியாக இருக்கும். உள்ளே 16 அல்லது 32 ஜிபி வைத்துவிட்டு 256 என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் வருவதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழையதன்மேலேயே எழுதும். மிக்ஸருக்கு ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

புது பென்டிரைவ் எதுவானாலும், பெரிய கடையில் வாங்கியதானாலும், முதல் வேலையாக விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸில் எஃப்3 போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஸ்டீரியோ பதிவுக்கு 32 ஜிபியே தாராளம். மணிக்கு சுமார் 700 எம்பிதான் ஆகும்.

பென்டிரைவை லேப்டாப்பில் ஃபார்மட் செய்யலாமா?

மிக்ஸரிலேயே ஃபார்மட் வசதி இருந்தால் அங்கேயே செய்யுங்கள். இல்லையென்றால் லேப்டாப்பில் ஃபேட்32 வடிவம், எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் என்று தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்ற மற்ற இரண்டு வடிவங்களையும் பல மிக்ஸர்கள் கண்டுகொள்ளாது. பெரிங்கர் எக்ஸ்32 மிக்ஸர் கேட்பது ஃபேட்32தான். சினிமாப் பாட்டு ஆயிரம் கிடக்கும் பென்டிரைவைப் பதிவுக்குத் தராதீர்கள், அதற்கென்று காலியாக ஒன்று இருக்கட்டும்.

நாங்கள் லைட் மியூசிக் குழு. 18 டிராக் பதிவு செய்யும் மிக்ஸர் வாங்கினோம். நல்ல கம்பெனி பென்டிரைவ் போட்டும் நடுநடுவே எரர் வந்து நின்றுவிடுகிறது. அதில் வேகம் 100 எம்பி என்று போட்டிருக்கிறதே? (மதுரை)

அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதில் கால்வாசி இருந்தாலே பெரிது. ஆனால் உங்கள் சிக்கல் வேகத்தின் சராசரியில் இல்லை. 18 டிராக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் வினாடிக்கு 2.6 எம்பிதான். எந்தப் பென்டிரைவும் சராசரியாக அதைத் தாங்கும். பென்டிரைவ் உள்ளே தன் பழைய பிளாக்குகளை அழித்து ஒழுங்கு செய்ய அவ்வப்போது சற்று மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் வரும் ஒலியை மிக்ஸர் தன் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தேக்கி வைக்க வேண்டும். பஃபர் சின்னது. நிரம்பி வழிந்தால் எரர். சூடேறினால் இந்த இடைவெளி இன்னும் நீளும், மே மாதத் திறந்தவெளி மேடையில் சொல்லவே வேண்டாம்.

ஆலன் அண்ட் ஹீத் க்யூ போன்ற மிக்ஸர்களில் 18 டிராக் பதிவுக்கு ஹார்ட் டிஸ்க் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வாங்குங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். சப் வூஃபர் பக்கத்தில் வைத்தால் அதிர்வில் அதன் தலை தடம் மாறித் தடுமாறும். எஸ்எஸ்டியிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் இழுக்கும் டிஸ்க் பாதியில் துண்டித்துக்கொள்ளும். மிக்ஸர் கம்பெனியின் பரிந்துரைப் பட்டியலைப் பார்த்து வாங்குவது நல்லது.

கோயில் திருவிழாவில் தவில், நாதஸ்வரக் கச்சேரி பதிவு செய்கிறோம். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறுகிற அந்தச் சில வினாடியில் எல்லாம் போய்விடுகிறது. என்ன செய்யலாம் அண்ணை? (யாழ்ப்பாணம்)

மிக்ஸருக்கு மட்டும் ஒரு யூபிஎஸ். ஆம்ப், ஸ்பீக்கர் எதையும் அதில் சேர்க்காதீர்கள். டிஜிட்டல் மிக்ஸர் 100, 150 வாட் அளவில்தான் இழுக்கும். பேட்டரி நல்ல நிலையில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும். பேட்டரி நல்லதுதானா என்பதை வீட்டிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள், திருவிழாவில் வேண்டாம்.

யூபிஎஸ் இல்லாத இடங்களில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கரண்ட் திரும்பியதும் மிக்ஸர் உயிர் பெறும், மைக் எல்லாம் வேலை செய்யும், ஆனால் ரெக்கார்டிங் தானாகத் தொடங்காது. அப்போதைய பரபரப்பில் யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். முதல் பாதி ஃபைல் மூடாமல் போனது, இரண்டாம் பாதி பதிவே ஆகாமல் போனது என்று இரண்டு நஷ்டம்.

கூடவே பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டர் ஒன்றை மிக்ஸரின் இன்னொரு அவுட்டிலிருந்து எடுத்து ஓடவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தித் தொடங்காதீர்கள். ஒன்றை நிறுத்தும்போது மற்றது ஓட வேண்டும்.

அந்த இரண்டாவது ரெக்கார்டருக்குப் பதில் செல்போன் போதாதா?

ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் பல ஆப்கள் எம்4ஏ வடிவில் எழுதும். அதில் ஒலியைப் பிரித்துப் படிக்க வேண்டிய குறிப்பு பொதுவாக ஃபைலின் கடைசியில்தான் எழுதப்படும். பேட்டரி தீர்ந்து அணைந்தால் வேவ் ஃபைலைவிட மீட்பது கஷ்டம். வேவ் அல்லது எம்பி3 தரும் ஆப்பாகப் பாருங்கள். எம்பி3-இல் ஒவ்வொரு துண்டும் தன் விவரத்தைத் தானே சுமப்பதால், பாதியில் அறுந்தாலும் அதுவரை உள்ளது ஓடும். ஏரோபிளேன் மோட் போட மறக்காதீர்கள். ஆலாபனை நடுவில் மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தால் அவ்வளவுதான்.

ஃபைல் முழுதாக இருக்கிறது, நேரம் சரி, ஆனால் உள்ளே சத்தமே இல்லை!

ரெக்கார்டருக்கு எந்த அவுட் போகிறது என்று பார்த்தீர்களா? முந்தைய நிகழ்ச்சிக்காரர் வேறு பஸ்ஸை, அதாவது மிக்ஸருக்குள் ஒலி போகும் வேறு தடத்தை, மாற்றி வைத்திருப்பார். ரெக்கார்ட் விளக்கைப் பார்க்காதீர்கள், ரெக்கார்டரின் மீட்டர் ஆடுகிறதா என்று பாருங்கள். மைக் டெஸ்ட்டின்போதே அரை நிமிடம் பதிவு செய்து, ஸ்டாப் அமுக்கி, அதை ஹெட்போனில் கேட்டுவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பென்டிரைவை எப்போது பிடுங்கலாம், எப்போது அழிக்கலாம்?

ஸ்டாப் அமுக்கிய பிறகும் சில வினாடி எழுதிக்கொண்டிருக்கும். திரையில் அன்மவுண்ட் அல்லது ஈஜெக்ட் இருந்தால் அதை அமுக்குங்கள், இல்லையென்றால் விளக்கு அடங்கும் வரை பொறுங்கள். அப்புறம்தான் மிக்ஸர் பவர். மைக், ஒயர் சுருட்டும் நேரத்திலேயே லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்து, தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் கேளுங்கள். அழிப்பதற்கு அவசரமே வேண்டாம். இன்னொரு இடத்திலும் ஒரு நகல் ஏறி, கலைஞருக்கோ சபைக்கோ அனுப்பி, அவர்கள் கேட்டாயிற்று என்று சொன்ன பிறகு, அடுத்த நிகழ்ச்சிக்கு முன்பு மிக்ஸரில் செருகி ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.