பெரியவர்கள் பேசத் தயங்கும்போது

தனித்தனியாக நேர்காணல் செய்யும்போது ஊர்ப் பெரியவர்கள் ஓரிரு சொற்களில் பதிலை முடித்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். அலாஸ்காவின் யூப்பிக் மக்களுடன் 1970களிலிருந்து பணியாற்றிவரும் மானிடவியலாளர் ஆன் ஃபீனப்-ரியோர்டனின் வழிமுறை உங்களுக்கு உதவும் என்று உறுதியாக நம்புகிறேன். அவர் மூத்தோரை ஒன்றாக அமரவைத்து, குறிப்பிட்ட ஒரு விஷயத்தைப் பற்றித் தாய்மொழியிலேயே பேசவிட்டு, அந்த உரையாடலை அம்மொழி பேசுவோரைக் கொண்டே எழுத்தாக்கினார். 1997இல் மூத்தோர் சிலருடன் பெர்லின் இனவியல் அருங்காட்சியகத்துக்கும் சென்றார். அங்கே, 1880களில் யாக்கோப்சன் என்ற சேகரிப்பாளர் அலாஸ்காவில் திரட்டிய பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்தபடி அவர்கள் சொன்ன விளக்கங்கள் பின்னர் தனி நூலாகவே வெளிவந்தன. எந்த வினாப்பட்டியலும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. ஆகவே, அவ்வூரின் பழைய வலையையோ கூடையையோ நடுவில் வைத்து, நான்கைந்து பேரைக் கூட்டிப் பேசவிடுங்கள். பதிவின் படியை அவர்களிடமே ஒப்படைப்பதையும் மறந்துவிடாதீர்கள்.