டிவி மட்டும் பார்த்து, மொழிபெயர்ப்பே இல்லாமல் ஒரு வெளிநாட்டு மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமா?

கேட்டுப் புரிந்துகொள்கிற அளவுக்கு முடியும். பேசுகிற அளவுக்கு, என் அனுபவத்தில், முடியாது. நான் ஜப்பானிய மொழியை இப்படித்தான் கற்றேன், அதனால் முடிந்தது முடியாதது இரண்டையும் சொல்கிறேன்.

2014 செப்டம்பரில் ஹமாமட்சு வந்தோம். டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் நடுவில், மோட்டார் சைக்கிளும் பியானோவும் செய்கிற ஊர். வீட்டுக்காரர் காலையில் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார், நானும் இரண்டரை வயது மகளும் நாள் முழுக்க வீட்டில். இலவச மொழி வகுப்பு ஒன்று இருந்தது, ஆனால் அது சரியாகக் குழந்தை தூங்குகிற நேரம். சபதம் எடுத்துக்கொண்டெல்லாம் டிவி முன்னால் உட்காரவில்லை. முதல் இரண்டு மாதம் லேப்டாப்பில் தமிழ் சீரியல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சார்ஜர் ஒருநாள் எரிந்துபோனது, வேறு வாங்க ஆன தாமதத்தில் டிவி பழகிவிட்டது.

ஒரே ஒரு முடிவைத்தான் தெரிந்து எடுத்தேன். ஜப்பானின் பொது ஒளிபரப்பான என்எச்கேயின் ஏழு மணிச் செய்திக்கு ரிமோட்டில் ஒலி மாற்றும் பொத்தானை அழுத்தினால் ஆங்கிலத்தில் வரும். லீவு நாள்களில் வீட்டுக்காரர் அப்படித்தான் பார்ப்பார். நானும் சில வாரம் பார்த்தேன், உலகச் செய்தி எல்லாம் தெரிந்தது, ஜப்பானீஸ் ஒரு சொல் ஏறவில்லை. சப்டைட்டிலும் இதே கதைதான்: கண்ணுக்குத் தெரிந்த மொழி கிடைத்துவிட்டால் காது வேலை செய்யாது. பத்து வருஷம் ஆங்கில சப்டைட்டிலோடு அனிமே பார்த்தவர்களுக்கு 'நானி' (என்ன), 'பாக்கா' (முட்டாள்) தாண்டி ஒன்றும் தெரியாததை நீங்களே பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்துவதை நிறுத்தினேன்.

நிறுத்திய உடனே புரிந்துவிடுமா? செய்தி ஒரு வருஷத்துக்கு மேல் வெறும் இரைச்சல்தான். கோட்டு போட்ட நாலு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தலையாட்டினால் அதில் என்ன புரியும்? நகைச்சுவை நிகழ்ச்சிகள் அதைவிட மோசம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் என்ன நடக்கிறது என்று தெரிகிற நிகழ்ச்சிகளில்தான் மொழி ஒட்டுகிறது என்பது புரிய எனக்குச் சில மாதம் ஆனது. எனக்கு அப்படி அமைந்தவை சுமோவும் சமையலும் வானிலையும்.

சுமோ என்றால் சிரிப்பீர்கள். வருஷத்துக்கு ஆறு போட்டி, ஒற்றைப்படை மாதங்களில், ஒவ்வொன்றும் 15 நாள். மேல் பிரிவில் 42 பேர், ஆகவே நாளுக்கு 21 மோதல், பெரும்பாலானவை சில நொடிகளில் முடிந்துவிடும். முடிந்ததும் ஜெயித்தவர் எந்தப் பிடியில் ஜெயித்தார் என்று அறிவிப்பார்கள், திரையிலும் எழுத்தில் வரும், அப்புறம் அதே மோதலை மெதுவாக ஓட்டிக் காட்டி விளக்குவார்கள். ஒரே மாதிரிச் சம்பவம், அதே சொற்கள், 15 நாளில் முந்நூறு தடவைக்கு மேல். எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தராது. 'யோரிகிரி' என்றும் 'ஓஷிதாஷி' என்றும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், இரண்டிலும் எதிராளி வட்டத்துக்கு வெளியே போகிறார், ஏன் இரண்டு பெயர் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் திடீரென்று கண்ணில் பட்டது: இடுப்புத் துணியைப் பிடித்து உடம்போடு அணைத்தபடி நெட்டிக்கொண்டு போனால் முதலாவது, பிடிக்காமல் கையால் தள்ளினால் இரண்டாவது. அன்று தோன்றிய சந்தோஷம் சின்னதல்ல. அகராதியில் பார்த்திருந்தால் இரண்டுக்கும் 'வெளியே தள்ளுதல்' என்று எழுதிக்கொண்டு போயிருப்பேன்.

ஓஷிதாஷியின் முதல் எழுத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு கடைக் கதவில் அதே எழுத்து. தள்ளினேன், திறந்தது. உள்பக்கம் 'ஹிகி-ஒதோஷி' என்கிற பிடியின் முதல் எழுத்து ஒட்டியிருந்தது, அது எதிராளியை இழுத்து விழவைப்பது. வெளியே வரும்போது இழுத்தேன். வங்கியில்தான் மாட்டிக்கொண்டேன். கரண்ட் பில் கணக்கிலிருந்து தானாகக் கழிவதற்கும் இதே ஹிகி-ஒதோஷிதான் சொல். அந்தப் பெண் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு அதைச் சொன்னதும் என் கண்ணில் நூற்றைம்பது கிலோ ஆள் குப்புற விழுந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

நடுவர் மோதல் நடக்கும்போது 'நோகோத்தா, நோகோத்தா' என்று கத்திக்கொண்டே இருப்பார். அது உற்சாகக் கூச்சல் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு சமையல் நிகழ்ச்சியில் பானையில் கிடந்த பழைய சோற்றைக் காட்டி 'நோகோத்தா கோஹான்' என்றார்கள். மீந்த சோறு! அப்படியானால் நடுவர் கத்துவது, இன்னும் உள்ளேதான் இருக்கிறாய், மிச்சம் இருக்கிறது, ஆடு என்று. இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றுக்கொன்று அர்த்தம் சொல்லிக்கொடுத்தன.

சமையலுக்கு வருகிறேன், தமிழ்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. என்எச்கேயில் 'கியோ நோ ரியோரி', அதாவது 'இன்றைய சமையல்', 1957 முதல் ஓடுகிறது. கையில் என்ன செய்கிறார்களோ அதையே வாயால் சொல்வார்கள். வெட்டி, வதக்கி, தண்ணீர் ஊற்றி என்று நாம் வினையெச்சமாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்று வைக்கிறோமே, அச்சு அசலாக அப்படித்தான் அவர்களும் அடுக்குகிறார்கள். நாம் 'ருசி பார்க்கிறோம்'. அவர்களும் ருசியைப் 'பார்க்கிறார்கள்', அதே பார்த்தல் வினை. சாப்பிட்டுப் பாருங்கள், எடுத்து வையுங்கள், கருகிவிட்டது என்று நாம் துணைவினை போடுகிற இடங்களில் அவர்களும் போடுகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்வது 'இத்தேகிமாஸ்', அது நம் 'போயிட்டு வர்றேன்' தான். அப்புறம் இரட்டைக்கிளவி! வறுத்தது சாக்கு சாக்கு என்றால் மொறுமொறு. நூடுல்ஸ் த்சுரு த்சுரு என்றால் வழுவழு. வெண்டைக்காயை நறுக்கி நூல்விடுவதைக் காட்டி 'நேபா நேபா' என்றபோது எனக்கு யாரும் கொழகொழ என்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

(மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு தமிழோடு ஒப்பிடுகிறாயே என்று கேட்காதீர்கள். இந்த ஒப்பீடெல்லாம் பின்னாளில் உட்கார்ந்து யோசித்தது. அந்த நேரத்தில் காது எந்தத் தடையும் இல்லாமல் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். நடுவில் ஆங்கிலம் நின்றிருந்தால் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருந்திருக்கும்.)

நகோயாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி சொன்னது இன்னும் சுவாரசியம். ஜப்பானீஸில் கோனோ, சோனோ, அனோ, தோனோ. தமிழ்நாட்டுக்காரியான எனக்கு இந்த, அந்த, எந்த மூன்றுதான், சோனோ எங்கே போகும் என்று குழம்பினேன். அவளுக்குக் குழப்பமே இல்லை, ஏனென்றால் அவர்கள் பேச்சில் 'உந்த' இன்னும் உயிரோடு இருக்கிறது: உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற உந்தப் பேனா. சோனோவும் சரியாக அதுதான். ஜப்பானிய மொழியின் வேரே தமிழில் இருக்கிறது என்று பேராசிரியர் சுசுமு ஓனோ எழுதியதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை, எனக்கும் அந்த உறவுமுறை தேவைப்படவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது, கற்பவளுக்கு அது போதும்.

வானிலையில் எண்களும் நாள்களும் தானாக வந்தன. நிலநடுக்கம்தான் மறக்க முடியாத பாடம். லேசாக ஆடினால்கூட மணியோசையோடு திரையின் மேலே எழுத்து ஓடும், ஊர் ஊராக எத்தனை அளவு என்று சொல்வார்கள், கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம்: 'கோனோ ஜிஷின் நி யோரு த்சுனாமி நோ ஷின்பாய் வா அரிமாசென்.' இந்த நிலநடுக்கத்தால் சுனாமி பற்றிய கவலை இல்லை. முதல் தடவை ராத்திரி இரண்டு மணிக்கு மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டேன், ஒன்றும் புரியவில்லை. வாசிப்பவர் முகத்தில் பதற்றம் இல்லாததை வைத்துத்தான் ஆபத்தில்லை என்று ஊகித்தேன். எத்தனையோ தடவை கேட்ட பிறகு அந்த வாக்கியம் துண்டு துண்டாகப் பிரிந்து தனித்தனிச் சொல்லாக நின்றது. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்து வீட்டம்மா 'ஷின்பாய் ஷினாய்தே' என்று கையைத் தட்டிக்கொடுத்தார். கவலைப்படாதே. புரிந்தது.

இப்போது முடியாத பக்கம். என்னோடு அதே டிவியை அதே நேரம் பார்த்த மகள், ஜப்பானீஸில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. 2015 ஏப்ரலில் கின்டர்கார்டன் சேர்ந்தாள், கோடை விடுமுறைக்குள் என்னைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். அமெரிக்காவில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிற்பாடு படித்தேன். ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் கேட்கவைத்தார்கள். ஆள் நேரில் இருந்து பேசிய குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியப் பழகினார்கள், அதையே டிவியில் பார்த்தவர்கள் பழகவில்லை. பெரியவர்களுக்கு அர்த்தத்தைத் தேடிப் போகத் தெரியும், அதனால் எனக்குக் கொஞ்சம் பலித்தது. ஆனால் வாய்? நான் ஒன்றரை வருஷம் ஊமை. சூப்பர் மார்க்கெட்டில் தலையாட்டுவது, நன்றி சொல்வது, அவ்வளவுதான்.

2016ல் ஒரு மதிய உணவுப் பெட்டி தயாரிக்கும் இடத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது (சார்ந்திருப்போர் விசாவில் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை பார்க்கலாம்). முதல் வாரமே, அறுபது வயது மேற்பார்வையாளர் அம்மா வேகமாகப் பெட்டிகளை அடுக்கி முடித்ததும், பாராட்ட நினைத்து 'யோக்கு தெகிமாஷ்தா!' என்றேன். எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. குழந்தைகள் நிகழ்ச்சியில், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட பிள்ளைக்குச் சொல்வது அது. நம் ஊரில் மாமியாரைப் பார்த்து 'அட, சமத்துக் குட்டி!' என்றால் எப்படி இருக்கும்? அந்த அம்மா நல்லவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அன்று முழுக்க வேலை முடிகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அதையே திருப்பிச் சொன்னார். டிவியில் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதைப் படம் காட்டும், ஆனால் நீ யாரிடம் அதைச் சொல்லக்கூடாது என்று காட்டாது.

சரி, டிவி வீணா? 2017 ஜனவரியில் கிசெனோசாத்தோ என்கிற சுமோ வீரர் யோகோசுனா, அதாவது சுமோவின் உச்சப் பட்டக்காரர், ஆனார், ஜப்பானில் பிறந்த ஒருவருக்கு 19 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பட்டம். மார்ச் போட்டியில் 13ஆம் நாள் அவருக்கு இடது பக்கம் பலமாக அடிபட்டது, விலகிவிடுவார் என்று எல்லோரும் நினைக்க, கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை தெருனோஃபுஜியை ஒரே மாலையில் இரண்டு தடவை வீழ்த்திக் கோப்பையை எடுத்தார். தேசிய கீதத்தின்போது அழுதுவிட்டார். திங்கள்கிழமை வேலையில் அதே பேச்சு. முதல் மோதலில் எப்படி நகர்ந்தார் என்று ஒருத்தர் தப்பாகச் சொல்ல, நான் இல்லை இல்லை என்று உள்ளே நுழைந்து, எந்தப் பக்கம் போனார், எந்தக் கையைத் தூக்கவே முடியவில்லை என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று. பாதி இலக்கணம் தப்பாக இருந்திருக்கும். காதில் இரண்டு வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்ததெல்லாம் கொட்டியது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். கவனித்துப் பார்த்தது நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலே அதற்குள் ஏறக்குறைய 2,500 மணி நேரம் ஆகிவிட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி, ஆங்கிலம் பேசுபவர்களுக்கு ஜப்பானீஸ் கற்பிக்க 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஆக டிவி குறுக்கு வழி இல்லை. அந்த நேரம் எப்படியும் கழிந்திருக்கும் என்பதுதான் எனக்கு வசதி.

2017 டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வின் மூன்றாம் நிலை எழுதினேன். கேட்டலில் 60க்கு 54, வாசிப்பில் 60க்கு 23. வகுப்புக்குப் போய்ப் படித்த வீட்டுக்காரருக்கு ஏறக்குறைய இதன் தலைகீழ். இன்றும் பள்ளியிலிருந்து வருகிற கடிதங்களை மகள்தான் எனக்கு வாசித்துச் சொல்கிறாள். தனக்குப் பாதகமான வரிகளைத் தாண்டிவிடுகிறாள் என்று சந்தேகம்.