இஷிபாஷி தான்சான் ஏன் 65 நாளில் ஜப்பான் பிரதமர் பதவியை விட்டார்?

ஜப்பானில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. அதனால் பெரிய கட்சியின் தலைவரே பெரும்பாலும் பிரதமர். 1956 டிசம்பரில் லிபரல் ஜனநாயகக் கட்சித் தலைவர் தேர்தலில் இஷிபாஷி, கிஷி நொபுசுகேவை வெறும் 7 வாக்கில் வென்றார். அப்போது அவருக்கு வயது 72.

பதவியேற்ற அடுத்த மாதமே படுத்த படுக்கையானார். இரண்டு மாதம் ஓய்வு தேவை என்றார்கள் மருத்துவர்கள். பட்ஜெட் விவாதத்தில் பிரதமரே இல்லாமல் எப்படி? ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்றால் ஸ்டியரிங்கை மாற்று ஓட்டுநரிடம் கொடுப்பதுதானே பயணிகளுக்குப் பாதுகாப்பு? அப்படித்தான் 1957 பிப்ரவரியில் விலகினார், கிஷி பிரதமரானார்.

எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்: இவர் அடிப்படையில் பத்திரிகையாளர். 1930இல் பிரதமர் ஹமாகுச்சி டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டு, வேலை செய்ய முடியாத நிலையிலும் பதவியில் நீடித்தபோது, அதைக் கண்டித்து எழுதியவர். அன்று ஊருக்குச் சொன்னதை, தன் முறை வந்ததும் தனக்கும் பொருத்திக்கொண்டார். எவ்வளவு அபூர்வம்!

ஊழலிலோ நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலோ அவர் கவிழ்ந்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உடல் தேறி 1959இல் சீனா போய் அந்நாட்டுப் பிரதமர் சௌ என்லாயைச் சந்தித்தார், 1973 வரை வாழ்ந்தார்.