வைக்கோல் காளான் திசுவைச் சுற்றிப் பாக்டீரியா: எந்த மருந்து, எவ்வளவு?

கேள்வி: மியான்மரில் பெகுவுக்கு அருகே சிறிய அளவில் வைக்கோல் காளான் வளர்க்கிறேன். காளான் வித்தை (விதைப்பதற்கான, காளான் இழை படர்ந்த நெல்லை) வெளியில் வாங்காமல் நானே தயாரிக்க எண்ணி, நன்கு விளைந்த காளானிலிருந்து திசு எடுத்துக் கடற்பாசி (அகர்) ஊடகத்தில் வைத்தால், மூன்றாம் நாளே துண்டைச் சுற்றிப் பால்போன்ற வழவழப்புப் படர்ந்துவிடுகிறது. அமாக்சிசிலின் காப்ஸ்யூலை உடைத்து ஊடகத்தில் கலந்து குக்கரில் வேகவைத்தும் பலனில்லை. எந்த மருந்தை எவ்வளவு சேர்க்க வேண்டும்? அதையே நெல் வித்துப் பைகளிலும் கலக்கலாமா?

பதில்: நீங்கள் குறிப்பிடும் வழவழப்பு பாக்டீரியாதான். வைக்கோல் காளான் ஈரமும் சூடும் நிறைந்த வைக்கோல் போரில் முளைப்பதால், அதன் திசுவோடு கிருமியும் சேர்ந்தே வருவது இயல்பு. இதில் உங்கள் கைத்தவறு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் மருந்தைத் தொடும் முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். அடுத்த முறை ஊடகம் ஊற்றும்போது இரண்டு தட்டுகளில் எதையும் வைக்காமல் மூடி, ஐந்து நாள் விட்டுப் பாருங்கள். அவையும் கலங்கினால் குற்றம் காளானில் இல்லை, குக்கரிலோ தட்டுகளைக் கையாளும் முறையிலோ இருக்கிறது. அதற்கு எந்த மருந்தும் தீர்வாகாது.

அமாக்சிசிலின் பலிக்காததற்குக் காரணம் வெப்பம். பெனிசிலின் வகையைச் சேர்ந்த மருந்துகள் குக்கரின் சூட்டில் சிதைந்துவிடும். வேகவைத்த ஊடகம் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை ஆறிய பிறகு, அவற்றைக் கிருமி நீக்கிய கரைசலாகத்தான் சேர்க்க முடியும்; காப்ஸ்யூல் தூளைக் கொண்டு வீட்டில் அதைச் சுத்தமாகச் செய்வது கடினம்.

உங்கள் நிலைக்கு ஏற்றது ஜென்டாமைசின். 1963இல் அறிவிக்கப்பட்ட இந்த மருந்து 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கும் என்பதால், ஊடகத்தோடு சேர்த்தே வேகவைக்கலாம். ஊசிமருந்தாக வரும் 2 மில்லி சிமிழில் வழக்கமாக 80 மில்லிகிராம் இருக்கும். அது ஒரு லிட்டர் ஊடகத்துக்குப் போதும். கால் லிட்டர் மட்டும் செய்தால் அரை மில்லியைச் சிரிஞ்சில் அளந்து விடுங்கள். சிமிழின் மேலுள்ள அளவைப் படித்துப் பார்த்தே கணக்கிடுங்கள். பாக்டீரியா தன் புரதத்தைக் கட்டும் அமைப்பை இது முடக்குகிறது. காளானின் அமைப்பு வேறு என்பதால் இழை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அளவு கூடினால் இழையின் ஓட்டமும் தளரும். ஊடகத்தில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு எதையும் சேர்க்காதீர்கள். புளிப்பில் இம்மருந்தின் வீரியம் குறையும். குளோராம்பெனிகாலும் வெப்பம் தாங்கக்கூடியதே, ஆயினும் அரிதாக மனிதரின் எலும்பு மஜ்ஜையையே பாதிக்கக்கூடிய அந்த மருந்தைத் தூளாகக் கையாளும்படி வீட்டுக்கூடத்தில் வேலை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

திசுவை, குடை விரியாமல் முட்டைப் பருவத்தில் இருக்கும் காளானைப் பிளந்து, கத்தி படாத உட்பகுதியிலிருந்து எடுங்கள். மருந்திட்ட தட்டில் வைத்து 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வைத்தால், இக்காளானின் இழை மிக வேகமாக ஓடும். அந்த வேகமே உங்களுக்குப் பெருந்துணை. இழை கிருமியைத் தாண்டி வெளியே வந்தவுடன், அதன் முன்விளிம்பிலிருந்து அரிசி அளவுத் துண்டை வெட்டி, மருந்தே இல்லாத புதிய தட்டுக்கு மாற்றுங்கள். இந்தப் படியை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிட வேண்டாம். மருந்து எல்லாப் பாக்டீரியாக்களையும் கொன்றுவிடுவதில்லை; சிலவற்றை அடக்கி மட்டும் வைக்கிறது. பாசிலஸ் என்னும் பாக்டீரியா வகையின் வித்துறைகளோ (கடினமான உறைக்குள் உறங்கும் நிலை) மருந்துக்குள் உறங்கிக் கிடந்து, மருந்தில்லாத இடம் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். மருந்திட்ட தட்டு தெளிவாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து நேரே நெல்லுக்கு மாற்றியவர்கள்தான் பின்னர் பை பையாகக் கொட்டுகிறார்கள். மருந்தில்லாத தட்டில் இரண்டு முறை மாற்றியும் வழவழப்பு வராவிட்டால் அதைத் தாய்வித்தாகக் கொள்ளலாம். வளர்ந்த இழையில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் அஞ்சாதீர்கள். அவை இக்காளானுக்கே உரிய தடித்த வித்துகள். பச்சைப் பூசணம் வந்தால் மட்டும் தட்டை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பூசணத்தின் மீது ஜென்டாமைசினுக்கு எந்தப் பிடியும் இல்லை.

நெல் பைகளில் மருந்து கலக்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன். அந்த வித்து உண்ணும் காளானாக விளையப் போகிறது. அதோடு, அவ்வளவு மருந்தைத் தொடர்ந்து சந்திக்கும் பாக்டீரியா அதற்கு வசப்படாததாக மாறினால், அந்த இழப்பு உங்கள் கூடத்தோடு நிற்காது. நெல் பிசுபிசுத்துப் புளிப்பு நாற்றம் அடித்தால், பெரும்பாலும் வேகவைத்ததில்தான் குறை இருக்கும். நெல்லை 12 முதல் 24 மணி நேரம் ஊறவிட்டால், உறங்கும் வித்துறைகளில் பல முளைத்து வெப்பத்துக்கு எளிதில் இரையாகும். பின்பு வேகவைத்து, மேல் ஈரம் போக உலர்த்திப் பைகளில் நிரப்புங்கள். குக்கரில் நீராவி பத்து நிமிடம் தாராளமாக வெளியேறிய பிறகே வெயிட்டைப் போடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் இருந்தும் வெப்பம் ஏறாது. 15 பவுண்டு அழுத்தத்தில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். கரி அடுப்பில் இடையே அனல் தணிந்து அழுத்தம் இறங்கிவிட்டால், மீண்டும் ஏறியதிலிருந்து நேரத்தைப் புதிதாக எண்ணத் தொடங்குங்கள்.

கழித்த தட்டுகளைக் குக்கரில் ஒருமுறை வேகவைத்த பிறகே வெளியே கொட்டுங்கள். தேறிய தாய்வித்தை மற்றக் காளான்களைப் போல ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வைக்கோல் காளானின் இழை 4 டிகிரிக் குளிரில் செத்துவிடும். 15 டிகிரிக்குக் குறையாத நிழலிடத்தில் வைத்து, அவ்வப்போது புதுத் தட்டுக்கு மாற்றி வாருங்கள்.