ஜெர்மனியில் போஸ்ட்டாக்: மெயிலுக்குப் பதில் வரவில்லையா?

கேள்வி: எம்.டெக். முடித்து, பெரோவ்ஸ்கைட் சோலார் செல் பற்றிய பிஎச்.டி. தீசிஸைச் சமர்ப்பித்துவிட்டேன். வைவா (வாய்மொழித் தேர்வு) பாக்கி. ஜெர்மனியில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்ய விரும்பிப் பல பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன செய்யலாம்? மனைவியையும் அழைத்துச் செல்ல வேண்டும்.

பதில்: உங்கள் தகுதியில் குறை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அங்கே பெரும்பாலான போஸ்ட்டாக் இடங்கள் ஒரு பேராசிரியர் வாங்கிய புராஜெக்ட் பணத்தில் உருவாகின்றன. பணம் இல்லாதபோது எவ்வளவு நல்ல மெயில் போனாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பணம் இருப்பவரைத் தேட வேண்டும். இல்லையென்றால் பணத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

பணம் இருப்பவர் விளம்பரம் கொடுப்பார். ஐரோப்பிய ஆய்வு வேலைகளைப் பட்டியலிடும் யூராக்ஸஸ் தளத்தையும் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும் பாருங்கள். 'டிவி-எல் இ13, 100%' என்றிருந்தால் அது அங்குள்ள மாநிலப் பொதுப்பணிச் சம்பள விகிதப்படியான ஒப்பந்த வேலை, முழுச் சம்பளம். வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்தது போக மீதிதான் கைக்கு வரும். '50%' என்றிருந்தால் பாதிச் சம்பளம்தான். இதைக் கவனிக்காமல் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. 'ஸ்டிபெண்டியம்' என்பது உதவித்தொகை. பெரும்பாலும் வரிப் பிடித்தம் இருக்காது. ஓய்வூதியக் கணக்கும் வேலையிழப்புக் காப்பீடும் இருக்காது. யூரோவை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். மனைவியோடு போகிறவர் என்பதால் உங்களுக்கு நான் ஒப்பந்த வேலையைத்தான் சொல்வேன்.

பணத்தை நீங்களே கொண்டுபோக ஹம்போல்ட் ஃபெலோஷிப் இருக்கிறது. பிஎச்.டி. முடித்து 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். 6 முதல் 24 மாதங்கள் வரை கிடைக்கும். இது உதவித்தொகை வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்பில் வேலை ஒப்பந்தமே தருவார்கள். கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், போகவிருக்கும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்ற விதி இங்கிருந்து போகும் உங்களைத் தடுக்காது. ஆனால் வைவா முடியாமல் மேரி கியூரிக்குப் போக முடியாது. இரண்டுக்குமே அங்கே ஒரு பேராசிரியரின் சம்மதம் முதலில் வேண்டும்.

ஆக, எந்த வழியில் போனாலும் அந்த மெயிலைத் தப்ப முடியாது. பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் ஒரே மெயில் அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு என்று முடிவதை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் நீங்கள் தொடரக்கூடிய இடத்தைச் சொல்லுங்கள். ஈரப்பதத்தில் செல் கெட்டுப்போவதை நீங்கள் ஆராய்ந்திருந்தால் எந்தக் கருவியில், எப்படி என்று எழுதுங்கள். எப்போது சேர முடியும், சொந்த ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கத் தயாரா என்பதையும் சேருங்கள். பத்துப் பன்னிரண்டு வரி போதும். இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

விசாவுக்கு முன்பே, வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ஜெர்மனியின் 'அனபின்' தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் பலரை அலையவிடுவது இதுதான்.

வைவா முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். கைடு புராஜெக்டில் ரிசர்ச் அசோசியேட் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஜனவரி முதல் முதல்நிலைக்கு மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. எம்.டெக்.குக்குப் பின் 3 ஆண்டு ஆய்வு அனுபவமும், எஸ்சிஐ (அறிவியல் மேற்கோள் அட்டவணை) பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரையும் இருந்தால் பிஎச்.டி. பட்டம் கைக்கு வரும் முன்பே அதற்குத் தகுதி உண்டு.