ஃபிராங்குக்கு அடுத்து என்ன வாசிக்கலாம்?

இசையமைப்பாளர்கள் பிராம்ஸ், ஃபிராங்க் இருவரின் சொனாட்டாக்களும் (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) வாசித்தாயிற்று, அதிகம் மேடையேறாத வயலின்-பியானோ சொனாட்டாவை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். யூடியூப் பரிந்துரையை நம்பாதீர்கள், கேட்டதையே திரும்பக் காட்டும். பழைய பதிப்புகளில் யாருக்குச் சமர்ப்பணம் என்று பார்த்து, அதே ஆளுக்காக எழுதப்பட்ட மற்றவற்றைத் தேடுங்கள். ஃபிராங்க் 1886-இல் தன் சொனாட்டாவை வயலின் கலைஞர் இசாயிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். ஃபிராங்கின் மாணவர் கியோம் லெக்கூவின் ஜி மேஜர் சொனாட்டாவும் அதே இசாயி கேட்டு எழுதப்பட்டதுதான். லெக்கூ 1894-இல், 24 வயதில் இறந்துவிட்டார். அதனாலேயே பட்டியல்களில் தொலைந்துபோகிறார்.

லெக்கூவின் சொனாட்டா அரை மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டாம் பகுதி மெதுவான 7/8, அதாவது ஒவ்வொரு பாருக்கும் (தாள அலகுக்கும்) ஏழு எண்ணிக்கை. தொடக்கத்தில் ஏழையும் தனித்தனியாக எண்ணுங்கள். இல்லையென்றால் கடைசி எண்ணிக்கை நீண்டு எட்டாகிவிடும்.

இன்னொன்று: அமெரிக்க இசையமைப்பாளர் ஏமி பீச்சின் சொனாட்டா, ஏ மைனர், ஓபஸ் (படைப்பு எண்) 34, 1896. அவரே பியானோ கலைஞர் என்பதால் பியானோ பகுதி கனமானது. உங்கள் பியானோ துணையிடம் முதலில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இசைத்தாள் தளத்தில் இலவசம். வயலினுக்கான தனித் தாளையும் சேர்த்து இறக்குங்கள். பழைய அச்சில் பார் எண்கள் இல்லாவிட்டால், ஒத்திகைக்கு முன்பே இரு பிரதிகளிலும் பென்சிலால் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பாதி ஒத்திகை இடம் தேடுவதிலேயே போய்விடும்.