சிகரெட் புகையில் வாய்க்கிருமி செத்துவிடும் என்கிறார்களே, பிறகு பல் ஏன் சொத்தையாகிறது?

உங்கள் கேள்வியைப் படித்ததுமே, உங்களுக்கு ஒரு கடைவாய்ப் பல் குடையத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். வலி இல்லாதவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். நானும் வலி வந்த பிறகுதான் கேட்டேன்.

நான் மருத்துவர் இல்லை. கோவையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், 19 வருடம் சிகரெட் பிடித்தவன். தப்பாக ஏதும் எழுதியிருந்தால் மருத்துவர்கள் திருத்துங்கள், மாற்றிவிடுகிறேன்.

கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பல் பூச்சி உதிரும் என்று என் அம்மாயி நம்பினார். சிகரெட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் போல. சொத்தைக்குப் பூச்சி காரணமே இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் மாதிரியான பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. புகையால் எல்லாக் கிருமியும் சாவதில்லை. ஆக்சிஜன் தேவைப்படும் சாதுவான வகைகள் குறைகின்றன, காற்றில்லாமலே பிழைக்கும் முரட்டு வகைகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. 2016-ல் அமெரிக்காவில் 1,204 பேரின் வாய்க்கிருமிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. புரோட்டியோபாக்டீரியா என்ற பிரிவு, புகைக்காதவர்கள் வாயில் 11.7 சதவீதம், புகைப்பவர்கள் வாயில் 4.6 சதவீதம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனமோ புகைப்பவர்களிடம் கூடுதலாக இருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பல் தேய்க்கும்போது என் மனைவிக்கு ஈறில் ரத்தம் வரும், எனக்கு ஒரு துளி வராது என்பதுதான். "உனக்குத்தான் எந்தக் கெட்ட பழக்கமும் இல்லையே, அப்புறம் ஏன் ரத்தம் வருது?" என்று அவளிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். பாவம், பதில் சொல்ல மாட்டாள். நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

நடுவில் ஒருமுறை சிகரெட்டை நிறுத்தினேன். மூன்றாவது வாரம் காலையில் துப்பினால் வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. பயந்துபோய் மறுபடி பிடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் ரத்தம் நின்றது. சிகரெட்தான் என் ஈறைக் காப்பாற்றுகிறது என்று முழுசாக நம்பினேன். அந்த நம்பிக்கையில் இன்னும் நான்கு வருடம் போனது.

கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்கு பட்டாலே ஆடத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். மூன்று வரை இருந்தால் சரி, எனக்கு ஏழு. "ரத்தமே வந்ததில்லையே மேடம்" என்றேன். "நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிடும். உள்ளே புண் இருந்தாலும் வெளியே தெரியாது. விட்டதும் ரத்தம் வந்ததுன்னா ஓட்டம் திரும்புதுன்னு அர்த்தம்" என்றார். ஈறு நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்ததெல்லாம் உள்ளே மறைந்திருந்த நோய்தான்.

சொத்தைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஈறு கீழிறங்கினால் வேர்ப்பகுதி வெளியே தெரியும். அங்கே எனாமல் கிடையாது, சீக்கிரம் அரிக்கும். என் கடைவாய்ப் பற்கள் இரண்டில் கழுத்தோரமாகத்தான் சொத்தை. போதாததற்கு, வீட்டுக்குப் போகும்போது வாடை தெரியக் கூடாது என்று புதினா மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். புகைத்துப் புகைத்து எச்சில் ஏற்கெனவே குறைந்திருந்தது. அமிலத்தைக் கழுவ வேண்டியதே எச்சில்தான். வறண்ட வாயில் நாள் முழுக்கச் சர்க்கரை.

"எங்கள் தாத்தா 80 வயதுவரை சுருட்டுக் குடித்தார், கரும்பைப் பல்லால் கடித்தார்" என்று எழுத ஒருவர் நிச்சயம் வருவார். இருக்கலாம் ஐயா. சர்க்கரை இல்லாமல் புகை மட்டுமே சொத்தையை உண்டாக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தாத்தாவை வைத்து என்னைப் போல் ஒருவன் பல்லை இழக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இந்தப் பழக்கத்தைக் கற்றது பட்டறையில். தம் அடிக்கப் போகிறேன் என்றால் பத்து நிமிடம் யாரும் கேட்க மாட்டார்கள். சும்மா கால் வலிக்கு வெளியே நின்றால் "வேலை இல்லையா?" என்று மேஸ்திரி சத்தம் போடுவார். நைட் ஷிப்டில் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. புதிதாக வரும் பையன்கள் ஓய்வுக்காகவே சிகரெட்டைக் கையில் எடுக்கிறார்கள். உட்கார ஓர் இடம் கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் பழகியிருக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வலிக்கும் பல்லை மட்டும் அடைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஈறின் ஆழத்தை எல்லாப் பல்லிலும் அளக்கச் சொல்லுங்கள், புகைப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண் இருக்கிறது. அதே அமெரிக்க ஆய்வில், புகையை விட்டவர்களின் வாய்க்கிருமிகள் புகைக்காதவர்களுடையதைப் போலவே இருந்தன. விட்ட புதிதில் ரத்தம் வந்தால் என்னைப் போலப் பயந்து திரும்பிப் போகாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் முறை நிறுத்தியபோது எனக்கு மறுபடி ரத்தம் வந்தது. இந்தத் தடவை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த வாரமே அவளையும் அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவளுக்கு எங்குமே நான்கு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. ஒருமுறை சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. எனக்கு முன்பல் இரண்டு போய்விட்டன.